நெட் வரலைங்க: டயல்-அப் லைனில் மெயிலையும் பிரவுசரையும் சரிசெய்த அனுபவம்

திருப்பூரில் 2000-க்கும் 2005-க்கும் இடையில் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துவந்தேன். டயல்-அப் காலம் அது: மோடம் என்ற கருவி போன் லைனில் எண்ணை டயல் செய்துதான் கம்ப்யூட்டரை நெட்டோடு இணைக்கும். எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கும்: "தம்பி, நெட்டு வரலைங்க." போன் லைனே செத்துக் கிடந்தாலும் அதுதான் வார்த்தை. பாஸ்வேர்டு தவறாக இருந்தாலும், லைன் கிடைத்துப் பக்கம் திறக்காவிட்டாலும், பக்கமெல்லாம் திறந்து மெயில் மட்டும் வராவிட்டாலும் அதே வார்த்தைதான். எல்லாவற்றுக்கும் பலர் செய்துவந்த வைத்தியமும் ஒன்றுதான். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். அரை நாள் போய்விடும், பழைய மெயில்கள் போய்விடும், கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த ஊரில் மெயில் என்பது பொழுதுபோக்கு அல்ல. ஜெர்மனியிலோ ஹாலந்திலோ இருக்கும் பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, விடியும்போது நமக்கு மதியம் ஆகியிருக்கும். அவர்கள் பதில் எழுதி இங்கே வந்து சேர மாலையாகும். லேப் டிப் எனப்படும் மாதிரிச் சாய நிறத்துக்கு ஒப்புதல் வந்தால்தான் சாயப்பட்டறையில் துணி இறங்கும். ஒரு மெயில் ஒரு நாள் தாமதமானால் சாயம், தையல், பேக்கிங் என்று எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும். கடைசியில் கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போகும், லாபம் அந்தச் செலவிலேயே கரைந்துவிடும். அதனால் மெயில் நின்றுபோன அலுவலகத்துக்குள் நுழையும்போதெல்லாம் அங்கே எல்லோர் முகத்திலும் ஒரு பதற்றம் இருக்கும். அந்தப் பதற்றத்தில்தான் கண்டதையும் மாற்றிவைப்பார்கள்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கோளாறு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும்வரை எந்த செட்டிங்கிலும் கை வைக்கக்கூடாது. டயல்-அப்பில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு கட்டமும் காதுக்குக் கேட்கும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியும்.

மோடத்தின் சத்தம்

நான் போனில் கேட்கும் முதல் கேள்வி, "மோடம் என்ன சத்தம் போடுதுங்க?" என்பதுதான். முதலில் டயல் டோன் கேட்கும். பிறகு எண்களை அழுத்தும் ஒலி, அப்புறம் மணி அடிப்பது, அடுத்து அந்தக் கீச்சொலியும் இரைச்சலும், பிறகு அமைதி. அமைதியானால் இரண்டு மோடங்களும் பேசி முடித்துவிட்டன என்று பொருள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் யூசர் நேம், பாஸ்வேர்டு சரிபார்ப்பு. எந்த ஒலியோடு நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிலர் தொந்தரவாக இருக்கிறது என்று மோடத்தின் ஒலியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அதைத் திறந்துவிடச் சொல்வதே என் முதல் வேலையாக இருக்கும்.

டயல் டோன் இல்லை என்று 680 எண்ணில் பிழை வரும். போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் நன்றாகவே கேட்கும். இங்கேதான் பலர் மோடம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் மோடம் எதிர்பார்க்கும் டோன் ஒரு மாதிரி இருக்கும், லைனில் வரும் டோன் வேறு மாதிரி இருக்கும். அலுவலகத்தின் இன்டர்காம் பெட்டி தரும் டோன் என்றால் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். மோடம் செட்டிங்கில் 'டயல் டோனுக்குக் காத்திரு' என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் மோடம் டோனைத் தேடாமல் நேரே எண்ணை அழுத்தும். மோடத்துக்கு எழுத்தில் கொடுக்கும் ஏடி கட்டளையாகக் கொடுப்பதென்றால் ஏடிஎக்ஸ்3. இந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டதில், கெட்டுப்போனதாக ஒதுக்கிய மோடங்கள் பல மறுபடி வேலைக்கு வந்தன.

இன்டர்காம் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். திருப்பூரில் ஏறக்குறைய எல்லா ஏற்றுமதி அலுவலகத்திலும் இபிஏபிஎக்ஸ் எனப்படும் இந்தப் பெட்டி இருந்தது. முதலாளி அறைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு ஒன்று, கட்டிங்குக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று. மோடத்தையும் அதில் ஏதாவது ஒரு எக்ஸ்டென்ஷனில் மாட்டிவிடுவார்கள். 56 கே (நொடிக்கு 56,000 பிட்) மோடம் என்று காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள், ஆனால் இணைப்பின் வேகம் 28,800-க்கு மேல் ஏறவே ஏறாது.

காரணம் இது. 56 கே வேகத்துக்கான வி.90 முறை 1998-ல் வந்தது. இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரை தகவல் டிஜிட்டலாகவே வரவேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் வீடு வரைக்கும் உள்ள கம்பியில் மட்டும் அது அனலாக் ஆகவேண்டும். அதாவது மாற்றம் ஒரே ஒரு முறைதான் நடக்கலாம். இடையில் இன்டர்காம் பெட்டி நுழைந்தால் அது இன்னொரு முறை மாற்றும். உடனே மோடம் பழைய வி.34 முறைக்கு இறங்கிவிடும். அதன் உச்சமே 33,600 தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனை நேரே மோடத்தில் மாட்டினால், வேறெதையும் தொடாமலே 44,000, 46,000 என்று ஏறும். திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் இருக்கும். அதன்மேல் மவுஸை வைத்தால் இந்த எண் தெரியும். அதை நோட்டில் எழுதிவைக்கச் சொல்வேன். நேற்று 45,333, இன்று 24,000 என்றால் கோளாறு கம்ப்யூட்டருக்குள் இல்லை, லைனில் இருக்கிறது.

லைனைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. போனை எடுத்து ஏதாவது ஒரே ஒரு எண்ணை அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் காது கொடுத்துக் கேட்டால் கரகரப்பு தெரியும். மழை பெய்த மறுநாள் இது அதிகம், கேபிள் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கியிருக்கும். புகார் எழுதும்போது "இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். "பேசும்போது இரைச்சல் கேட்கிறது" என்று எழுதினால் லைன்மேன் வருவார், கம்பத்தில் ஏறி ஜாயின்ட்டைத் திருகிவிட்டுப் போவார், மோடமும் சரியாகிவிடும். லைன்மேன் அண்ணன்களில் பலர் தங்கள் பகுதியின் ஒவ்வொரு பெட்டியையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்களிடம் நான் கற்றது நிறைய.

சரிசெய்ய முடியாத லைன்களும் இருக்கும். அங்கே வேகத்தைக் குறைத்து உறுதியைக் கூட்டுவதே நல்லது. மோடத்தின் கூடுதல் கட்டளைக் கட்டத்தில் ஏடி+எம்எஸ்=வி34 என்று கொடுத்தால் பல மோடங்கள் 56 கே முயற்சியே செய்யாமல் நேரே வி.34-ல் இணையும். சிப்புக்குச் சிப்பு இந்தக் கட்டளை மாறும், மோடத்தோடு வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு எஸ்10 என்ற ரிஜிஸ்டரையும் (மோடத்தின் உள் செட்டிங்) மாற்றுவேன். லைனில் எதிர்முனையின் ஒலி காணாமல் போனால் எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம் என்பதை அது முடிவு செய்கிறது. வழக்கமாக அது 14, அதாவது 1.4 நொடி. எஸ்10=50 என்றால் 5 நொடி பொறுக்கும். கால் வெயிட்டிங் பீப், சிறு தடுமாற்றம் இவற்றையெல்லாம் தாண்டிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும் 48,000-ஐவிட ஒரு மணி நேரம் நிற்கும் 31,200 எவ்வளவோ மேல். மெயிலுக்கு இது ரொம்பவே முக்கியம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று, ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் கண்டது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும், மோடத்தின் அடாப்டர் மட்டும் சாதாரண பிளக்கில் இருக்கும். மின்சாரம் ஒரு கணம் கண் சிமிட்டினால் போதும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க மோடம் மட்டும் அணைந்து எழும். "மெயில் பாதியில நின்னுபோச்சுங்க" என்ற புகாரில் கணிசமான பங்கு இந்த அடாப்டருடையது.

பாஸ்வேர்டு கட்டம்

691 என்ற பிழை வந்தால் யூசர் நேமோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை என்று பொருள். முதலில் கேப்ஸ் லாக் எரிகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்தது வாங்கிய மணிநேரம் தீர்ந்துவிட்டதா என்பது. 25 மணி, 50 மணி என்று பாக்கெட்டாக வாங்கிய காலம் அது. மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. லைன் திடீரென்று அறுந்தால், நாம் வெளியே வந்தது எதிர்முனைக்குத் தெரியாமல் போகலாம். ஒரு கணக்கில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பதால் அது நம்மையே திருப்பி அனுப்பும். சில நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி டயல் செய்தால் உள்ளே விடும். இந்தச் சில நிமிடம் பொறுக்காமல் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துக் குழப்பிக்கொண்டவர்கள் நிறைய.

இணைப்பு இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை

இங்கே முதல் சோதனை பிங், அதாவது எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. ஒரு தளத்தின் பெயருக்கு பிங் கொடுத்துப் பார்க்கவேண்டும், பிறகு ஐபி எண்ணுக்கு (நெட்டில் அதன் முகவரி எண்) கொடுக்கவேண்டும். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு. யாரோ கைப்பட அடித்துவைத்த பழைய டிஎன்எஸ் எண்கள் அங்கே உட்கார்ந்திருக்கும். வேறு நிறுவனத்தின் இணைப்புக்கு மாறும்போது இந்த எண்களை அழிக்க மறந்திருப்பார்கள். 'சர்வரே தரட்டும்' என்று மாற்றினால் முடிந்தது.

இரண்டுக்கும் பதில் வந்து, பிரவுசர் மட்டும் 'பக்கத்தைக் காட்ட முடியவில்லை' என்று சொன்னால் இணைப்பைத் தொடாதீர்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஃபைல் மெனுவில் 'வொர்க் ஆஃப்லைன்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டயல் செய்யவா என்று அது கேட்கும் பெட்டியில் யாராவது தவறான பட்டனை அழுத்தினால் அது தானே டிக் ஆகிவிடும். அதற்கடுத்து ப்ராக்ஸி, அதாவது நமக்கும் தளங்களுக்கும் நடுவில் நிற்கும் சர்வர். அலுவலக நெட்வொர்க்குக்கான லேன் செட்டிங்கில் ப்ராக்ஸியை எடுத்தும் சரியாகவில்லை என்பார்கள். டயல்-அப் இணைப்புக்கு அதே ஜன்னலில் தனி செட்டிங் உண்டு, அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

செய்தித் தளங்கள் எல்லாம் திறக்கும், வங்கித் தளமும் வெப்மெயில் லாகினும் மட்டும் மறுக்கும் என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான பக்கங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் பிரவுசர் சான்றிதழை நம்பாது. தேதியைச் சரிசெய்து, பேட்டரியை மாற்றினால் அந்தத் தளம் திறக்கும். விண்டோஸை மறுபடி போட்டாலும் தேதி மாறாது, அதனால் அந்த வைத்தியம் இங்கே உதவவே உதவாது.

மெதுவான லைனில் பக்கம் வெள்ளையாகவே நிற்கும்போது ஸ்டாப் பட்டனை அழுத்திப் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பக்கங்கள் முழுவதும் ஒரு பெரிய டேபிளுக்குள் இருக்கும். டேபிள் முழுதாக வரும்வரை பிரவுசர் பல நேரம் எதையும் வரையாது. ஸ்டாப் அழுத்தினால் அதுவரை வந்த எழுத்தைக் காட்டிவிடும். படங்கள் வேண்டாம் என்று நிறுத்திவைப்பதும் நல்லது. ஓபராவில் ஜி என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினால் படம் வருவதும் நிற்பதும் மாறும். டவுன்லோடு பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் அது உதவியது. டயல்-அப்பில் வேலை செய்தவர்களுக்கு அந்த பிரவுசரை நான் மனமாரப் பரிந்துரைத்தேன்.

மாலையில் அலுவலகப் பையன்கள் தமிழ்ப் பத்திரிகைத் தளங்களைத் திறந்தால் புரியாத கிறுக்கலாக வரும். அது லைன் கோளாறு அல்ல. ஒவ்வொரு பத்திரிகையும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தது. சில தளங்கள் எழுத்துருவைத் தாமே அனுப்பும், அதுவும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். அந்தந்த எழுத்துருவை ஒருமுறை இறக்கிப் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. யூனிகோடு பரவலாகும்வரை இந்தச் சிரமம் இருந்தது.

வரிசையை அடைத்து நிற்கும் மெயில்

அவிநாசி ரோட்டில் ஒரு அலுவலகம். மெர்ச்சண்டைசர் மேடம் போனில், "பையர் பதிலே போடலைங்க, ஆனா அவங்க அனுப்பிட்டோம்னு ஃபேக்ஸ் பண்றாங்க" என்றார். போய்ப் பார்த்தால் மெயில் புரோகிராமான அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 'முதல் மெயிலைப் பெறுகிறது' என்று ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு லைன் போய்விடும். மறுபடி டயல் செய்தால் மறுபடியும் முதல் மெயில்தான். காலையிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது.

சர்வரோடு எழுத்துக் கட்டளைகளில் நேரே பேச உதவும் டெல்நெட் மூலம், மெயில் சர்வரில் மெயில் எடுக்கும் வாசலான 110-ஆம் போர்ட்டுக்குள் போனேன். ஸ்டார்ட் மெனுவில் ரன் பெட்டியைத் திறந்து, டெல்நெட், மெயில் சர்வரின் பெயர், 110 என்று அடித்தால் போதும். சர்வர் பிளஸ் ஓகே என்று வரவேற்கும். யூசர் என்று அடித்துப் பெயர், பாஸ் என்று அடித்துப் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு திரையில் அப்படியே தெரியலாம், பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு லிஸ்ட் என்று தட்டினால் ஒவ்வொரு மெயிலின் எண்ணும், எத்தனை பைட் என்ற அளவும் வரிசையாக வரும். முதல் மெயில் நாலு எம்பிக்கு மேல். அதன் பின்னால் சின்னச் சின்ன மெயில்கள் காத்துக்கொண்டிருந்தன.

பையர் அனுப்பியது மூன்று எம்பி பிரின்ட் ஆர்ட்வொர்க். மெயிலில் எந்த ஃபைலை இணைத்தாலும் அது வெறும் எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் போகும், மூன்று பைட் நான்கு எழுத்தாகும். வரி முடிவுகளையும் சேர்த்தால் மூன்று எம்பி நாலு எம்பிக்குச் சற்று மேலே போய்விடும். இன்டர்காம் வழியாக 28,800-ல் இறங்கும் லைனில் அது வந்து சேர ஏறக்குறைய 20 நிமிடம். இவர்கள் லைன் அதற்கு முன்பே அறுந்துகொண்டிருந்தது. மெயிலை இறக்கும் பாப்3 முறையில் விட்ட இடத்திலிருந்து தொடர வழி கிடையாது, ஒவ்வொரு முறையும் முதல் பைட்டிலிருந்துதான். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வரிசைப்படியே எடுப்பதால், அந்த ஒன்று முடியாமல் மற்றவை நகராது. பையரின் நிற ஒப்புதல் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது.

இங்கே அவசரப்பட்டு அழிக்கக்கூடாது. டாப் 1 20 என்று அடித்தால் முதல் மெயிலின் தலைப்பும் முதல் 20 வரிகளும் மட்டும் வரும். யார் அனுப்பியது, எதைப் பற்றி என்று தெரிந்துவிடும். பின்னால் இருப்பவற்றை ரெட்ர் என்ற கட்டளையும் எண்ணும் கொடுத்துத் திரையிலேயே படிக்கலாம். அப்படித்தான் மேடம் ஒப்புதல் வாசகத்தை அங்கேயே படித்துவிட்டுச் சாயப்பட்டறைக்குப் போன் செய்தார். ஆர்ட்வொர்க்கைச் சிறிதாக்கி மறுபடி அனுப்பச் சொல்லி பையருக்கு ஃபேக்ஸ் போனது. அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் டிஇஎல்இ 1 என்று அடித்து முதல் மெயிலை நீக்கினேன். கடைசியில் க்விட். க்விட் அடிக்காமல் வெளியே வந்தால் எதுவும் அழிந்திருக்காது.

இந்த க்விட் விஷயம் புரிந்தால் டயல்-அப் மெயிலின் பாதிப் புதிர்கள் விடுபடும். பாப்3 முறையில் நம் மெயில் புரோகிராம் 'இதை அழி' என்று சொன்னாலும் சர்வர் அதைக் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். க்விட் வந்த பிறகுதான் உண்மையில் அழிக்கும். இருபது மெயில் இறங்கி, கடைசி நொடியில் லைன் அறுந்தால், சர்வரைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. அடுத்த முறை அதே இருபதும் மறுபடி இறங்கலாம். "ஒரே மெயில் மூணு மூணா வருதுங்க" என்பதற்குக் காரணம் வைரஸ் அல்ல, இதுதான். லைன் அறுந்த உடனே மறுபடி போனால் பெட்டி பூட்டியிருக்கிறது என்றும் பிழை வரலாம். பழைய உரையாடல் முடியவில்லை என்று சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும். இந்த முறையின் விதிப்படி சர்வர் குறைந்தது 10 நிமிடமாவது காத்திருந்துதான் தானாக வெளியேற்றலாம். அதனால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முயல்வதே சரி.

டெல்நெட் எல்லோருக்கும் ஒத்துவராது. அவுட்லுக் எக்ஸ்பிரஸின் மெசேஜ் ரூல்ஸில் 'குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் சர்வரிலிருந்து இறக்காதே' என்று ஒரு விதி போடலாம். 500 கேபி என்று போட்டுவைத்தேன். சின்ன மெயில்கள் எல்லாம் ஓடி வந்துவிடும். பெரியவற்றை லைன் நன்றாக இருக்கும் இரவு நேரத்தில் விதியை எடுத்துவிட்டு இறக்கிக்கொள்வார்கள். எந்த நிலையிலும் வேலை கெடாத ஏற்பாடு இது. அக்கவுன்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் சர்வர் டைம்-அவுட் ஒரு நிமிடமாக இருக்கும், அதை ஐந்து நிமிடத்துக்கு இழுத்துவிடவேண்டும். ஆன்ட்டி-வைரஸ் மெயிலை நடுவில் பிடித்துச் சோதிக்கும்போது அவுட்லுக்குக்கு எதுவும் வராததுபோல் தோன்றும். சிசிசி19 என்று முடியும் நீளமான பிழை எண் அப்படித்தான் அடிக்கடி வரும். அது டைம்-அவுட் பிழை. சிசிசி0டி என்று முடிந்தால் சர்வர் பெயரே கிடைக்கவில்லை, சிசிசி92 என்று முடிந்தால் பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை. போனில் இந்தக் கடைசி எழுத்துகளைச் சொன்னாலே போதும், நான் வண்டியை எடுக்காமலே பதில் சொல்லிவிடுவேன்.

அனுப்புவதில் வேறு தொல்லை. மெயில் வரும், ஆனால் போகாது. 550 எண்ணோடு ரிலே (மெயிலை அடுத்த சர்வருக்குக் கடத்துவது) மறுக்கப்பட்டது என்று வரும். இணைப்பு ஒரு நிறுவனத்துடையது, மெயில் முகவரி இன்னொரு நிறுவனத்துடையது என்றால் இது நடக்கும். தங்கள் லைனில் வராதவர்கள் தங்கள் சர்வர் வழியாக வெளியே அனுப்புவதை, ஸ்பேம் பயத்தால், நிறுவனங்கள் தடுத்து வைத்திருந்தன. டயல் செய்யும் நிறுவனத்தின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சர்வர் பெயரை வெளியே போகும் கட்டத்தில் போட்டால் போகும். சில சர்வர்கள், முதலில் மெயிலைப் பெற்றுவிட்டால் அதன்பின் கொஞ்ச நேரத்துக்கு அனுப்பவும் அனுமதிக்கும். அங்கே 'முதலில் பெறு, பிறகு அனுப்பு' என்று சொல்லிக்கொடுத்தேன்.

பையருக்கு ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை போகும், இங்கே அவுட்பாக்ஸில் மெயில் அப்படியே இருக்கும். மெயில் முழுவதும் போய்ச் சேர்ந்து, 'கிடைத்தது' என்று சர்வர் சொல்லும் அந்த ஒரு வரி வருவதற்குள் லைன் போயிருக்கும். நம் பக்கத்துக்கு அது போகாத மெயில்தான், மறுபடி அனுப்பும். பெரிய ஃபைல் இணைத்த மெயிலுக்கு இந்த ஆபத்து அதிகம். வி.90-யில் கூட மேலே ஏறும் வேகம் 33,600 தான் என்பதை மறந்துவிடக்கூடாது. அந்த முறையில் இறங்குவதைவிட ஏறுவது மெதுவு.

அதனால் அனுப்பும் முன்பே ஃபைலைச் சிறிதாக்குவதுதான் உண்மையான தீர்வு. சாம்பிள் போட்டோவை ஸ்கேன் செய்து, சுருக்கப்படாத பிஎம்பி ஃபைலாக வைத்திருப்பார்கள். 1024-க்கு 768 அளவுள்ள படம் பிஎம்பியில் இரண்டேகால் எம்பி. அதையே ஜேபெக்காகச் சேமித்தால் நூறு, நூற்றைம்பது கேபிக்குள் வந்துவிடும், பையரின் திரையில் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு மெர்ச்சண்டைசருக்கும் இதை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த அலுவலகங்களிலிருந்து எனக்கு வரும் போன்கள் பாதியாகக் குறைந்தன. வருமானம் குறைந்தாலும் அதில் எனக்கு நிறைவுதான்.

2003 ஆகஸ்ட் மாதம் மறக்க முடியாதது. பிளாஸ்டர் என்ற வார்ம் (தானே பரவும் வைரஸ்) பரவியபோது விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் நெட்டில் இணைந்த கொஞ்ச நேரத்தில் 60 நொடி கவுன்ட்-டவுனோடு அணைந்துவிடும். அதைச் சரிசெய்யும் பேட்சை இறக்குவதற்குள்ளேயே அணையும். ரன் பெட்டியில் ஷட்டவுன் –ஏ என்று அடித்து நிறுத்திவிட்டு, இணைப்பின் ஃபயர்வாலைப் போட்டுவிட்டு, பிறகு பேட்சை இறக்கவேண்டும். வரிசை மாறினால் வேலைக்கு ஆகாது. நான் பேட்சை ஒரு சிடியில் எழுதி வண்டியிலேயே வைத்திருந்தேன். அதே மாதம் மெயில் வழியே பரவும் சோபிக்.எஃப் வந்தது, ஒவ்வொரு மெயிலும் ஏறக்குறைய 100 கேபி. ஐந்து எம்பி பெட்டி ஐம்பது மெயிலில் நிரம்பிவிடும். நிரம்பிய பெட்டிக்கு பையர் எழுதினால் அவருக்கே திரும்பிப் போகும். அப்போது எவ்வளவு பேருக்கு 'சர்வரில் ஒரு காப்பி வைத்திரு' என்ற டிக் பழைய மெயில்களைப் பெட்டியில் குவித்து வைத்திருந்தது என்று தெரிந்தது. அந்த டிக்கை எடுக்கவேண்டும், வீட்டிலும் பார்க்கவேண்டியவர்களுக்கு ஐந்து நாளில் அழி என்று போடவேண்டும்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது, படிப்படியாகத் திருப்பூர் அலுவலகங்களும் மாறின. ஆனால் கோளாறின் வகை மாறவில்லை. மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யும் என் தம்பி மகன், பெரிய ஃபைல் இணைத்த ஒரு மெயில் அவுட்பாக்ஸில் நிற்கிறது, பின்னால் எழுதியவை எதுவும் போகவில்லை என்று போன் செய்தான். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, அவுட்பாக்ஸில் பெரியதை டிராஃப்டுக்கு நகர்த்தச் சொன்னேன். மற்றவை போய்விட்டன. பெரிய ஃபைலை ஆன்லைன் டிரைவில் ஏற்றி அதன் லிங்க்கை மட்டும் அனுப்பச் சொன்னேன், அங்கே அறுந்தாலும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.